ஜாக்கி என்ன வேலை செய்கிறார்?

குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடைசி 200 மீட்டரைத்தான் கவனிக்கிறார்கள். சாட்டை சுழல்கிறது, குதிரையை ஓட்டும் ஜாக்கியின் முதுகு குதிரையின் கழுத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, ஏதோ ஒரு குதிரை மூக்களவில் முந்துகிறது. குதிரையை விரட்டுவதுதான் அவர் தொழில் என்று தோன்றிவிடுவது இயல்பு. அந்தக் கட்டம் வருவதற்குள் பல பந்தயங்கள் தீர்ந்துபோயிருக்கும். குதிரை தன்னால் முடிந்த வேகத்தில் ஓடும்போது அதற்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது, ஜாக்கியின் வேலையில் முக்கால் பங்கு. குறுக்கே நிற்கக்கூடிய முதல் பொருள் அவருடைய உடம்புதான். அதனால் கதை எடை பார்க்கும் தராசில் தொடங்குகிறது.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் குதிரை சுமக்க வேண்டிய எடை முன்கூட்டியே அச்சில் வந்துவிடும். அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் எல்லா ஆண் குதிரைகளுக்கும் ஒரே எடை: 126 பவுண்டு, அதாவது 57 கிலோ. பெண் குதிரை ஓடினால் 5 பவுண்டு குறைவு. இது ஜாக்கியின் எடை மட்டுமல்ல. அவர் போட்டிருக்கும் உடை, பூட்ஸ், சேணம், வயிற்றுக் கச்சை எல்லாம் சேர்ந்த கணக்கு. பிரிட்டனில் தலைக்கவசமும் சாட்டையும் இதில் சேராது. பாதுகாப்பு மேலங்கிக்குத் தனிக் கழிவு உண்டு. பந்தயத்துக்கு முன் ஜாக்கி சேணத்தைக் கையில் ஏந்தித் தராசில் உட்கார வேண்டும். குறைந்தால் ஈயத் தகடுகளைச் சேணத்துக்கு அடியிலுள்ள துணிப் பைகளில் செருகி நிரப்புவார்கள். கூடினால் வழியில்லை. கொஞ்சம் கூடுதல் என்றால் அதை அறிவித்துவிட்டு ஓடலாம், ஆனால் பயிற்சியாளரின் முகம் மாறும். அதிகம் என்றால் அந்தச் சவாரி வேறொருவருக்குப் போய்விடும்.

பந்தயம் முடிந்ததும் மறுபடி தராசு. முன்னணியில் வந்த குதிரைகளின் ஜாக்கிகள் தாங்களே சேணத்தைக் கழற்றி நேராக எடைக்கூடத்துக்கு எடுத்துவர வேண்டும். நடுவில் இன்னொருவர் கை படக் கூடாது. ஓட்டத்தில் ஈயத் தகடு ஒன்று நழுவி விழுந்திருந்தால், முதலில் வந்த குதிரையும் தகுதி இழக்கும். கச்சையை இறுக்கும்போது ஈயப் பையின் வாய் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வேலை. அதை மறந்தால் உரிமையாளரின் பரிசே போய்விடும்.

இந்த எடைக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? பிரிட்டனிலும் இந்தியாவிலும் பெரும்பாலான பந்தயங்கள் ஹேண்டிகேப் வகை. நல்ல குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை என்று வைத்து, எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கொண்டுவரப் பார்ப்பார் மதிப்பீட்டாளர். பிரிட்டனில் மதிப்பீட்டில் ஒரு புள்ளி ஒரு பவுண்டுக்குச் சமம். இந்தியாவில் அரைக் கிலோ. ஐந்து ஃபர்லாங், அதாவது சுமார் 1000 மீட்டர் ஓட்டத்தில் ஒரு குதிரை நீளம் ஏறக்குறைய 3 பவுண்டுக்கு ஈடு. ஒரு மைலில் 2 பவுண்டு. ஒன்றரை மைலில் அதைவிடவும் குறைவு. மூக்களவில் வெற்றி தோல்வி முடிவாகும் ஆட்டத்தில், ஜாக்கி வைத்துக்கொண்ட ஒரு கிலோ உபரி என்பது எதிராளிக்குக் கொடுத்த அன்பளிப்பு.

ஆகவே உடம்பைச் சுருக்கும் வேலை ஆண்டு முழுவதும் நடக்கிறது. பிரிட்டனின் சமதளப் பந்தயங்களில், அதாவது வேலிகளைத் தாண்ட வேண்டியிராத பந்தயங்களில், ஹேண்டிகேப்பின் கீழ்ப்பகுதி 52 கிலோவை ஒட்டி வரும். சேணமும் உடையும் கழித்தால் ஜாக்கிக்கு மிஞ்சுவது 50 கிலோ சுற்று. ஐந்தரை அடி ஆளுக்கு இது இயல்பான எடை அல்ல. நீண்ட காலத்துக்குச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக் கொழுப்பைக் குறைத்துக்கொள்வார்கள். கடைசி ஒன்றிரண்டு கிலோவைக் கழிக்க நீரைத்தான் இறக்குவார்கள்: மழைக்கோட்டு போல வியர்வை வெளியேறாத உடையில் ஓட்டம், கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல், ஹீட்டர் போட்ட காரில் பயணம். ஒரு லிட்டர் வியர்வை ஒரு கிலோ. கணக்கு சுலபம், விலைதான் அதிகம். உடல் எடையில் 2 சதவீதம் நீர் போனாலே கவனமும் உடலின் தாங்குதிறனும் குறையத் தொடங்கும். 55 கிலோ ஆளுக்கு அது 1.1 கிலோதான். இப்படி உலர்ந்த உடம்போடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், இருபது குதிரைகள் நெருக்கும் கூட்டத்துக்குள், அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். பல ஆண்டுகள் இப்படி வாழ்ந்தவர்களின் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடிக்கடி விழக்கூடிய தொழிலில் எலும்பு மெலிவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

இதன் கொடுமையான உதாரணம் 19ஆம் நூற்றாண்டின் ஃப்ரெட் ஆர்ச்சர். 13 முறை பிரிட்டனின் முதன்மை ஜாக்கி, 2,748 வெற்றிகள், இந்தத் தொழிலுக்குப் பொருந்தாத உயரம். 1886இல் கேம்பிரிட்ஜ்ஷைர் பந்தயத்துக்காகப் பட்டினி கிடந்தார். அப்படியும் ஒரு பவுண்டு மிஞ்சியது, தலையளவில் தோற்றார். உடல் நொறுங்கிப் போன நிலையில் காய்ச்சல் பிடித்தது. அந்த நவம்பரில், 29 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் பந்தயத் திடல்களில் ஜாக்கிகளுக்கென்று நீராவி அறைகள் இருந்தன. பிரிட்டனில் கொரோனா காலத்தில் மூடிய அந்த அறைகளை 2021இல் நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள். குறைந்தபட்ச எடையையும் கொஞ்சம் உயர்த்தினார்கள். மனிதர்கள் தலைமுறைக்குத் தலைமுறை உயரமாகி வரும்போது எடை அட்டவணை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது என்பதே உண்மை. அது இன்னும் ஏற வேண்டும்.

எடை சரி. அடுத்தது, அந்த எடையை எங்கே, எப்படி வைப்பது.

1890களுக்கு முன் பிரிட்டிஷ் ஜாக்கிகள் நீண்ட அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையத்தில், காலை நீட்டி, சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த டாட் ஸ்லோன் அங்கவடியைக் குட்டையாக்கி, இடுப்பைத் தூக்கி, குதிரையின் கழுத்து மேல் கவிழ்ந்துகொண்டார். குச்சியில் குரங்கு என்று கேலி செய்தார்கள். தோற்கத் தொடங்கியதும் எல்லோரும் அதையே பழகினார்கள். லண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் இதை அளந்து காட்டினார்கள். இந்த உட்காரும் முறை பரவிய காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் மேம்பட்டிருந்தன. காரணம் பலரும் நினைப்பது போலக் காற்றுத் தடை மட்டும் அல்ல. ஓடும்போது குதிரையின் உடல் ஒவ்வொரு தாவலிலும் முன்னும் பின்னும் மேலும் கீழும் போகிறது. ஜாக்கி சேணத்தில் உட்கார்ந்திருந்தால் அவருடைய 55 கிலோவையும் குதிரையே ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போட்டு இழுக்க வேண்டும். குட்டை அங்கவடியில் நிற்பவரின் முழங்காலும் இடுப்பும் ஸ்பிரிங் போல மடங்கி விரிவதால், கீழே குதிரை குலுங்கினாலும் அவருடைய உடல் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். குதிரை எடையைச் சுமக்கிறது, ஆனால் அதை ஆட்டவேண்டியதில்லை. ஆட்டத்தைத் தாங்குவது ஜாக்கியின் தொடைகள். ஒரு நொடிக்கு இரண்டுக்கு மேற்பட்ட தாவல்கள். இரண்டு நிமிடப் பந்தயத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180ஐ ஒட்டிப் போவது இதனால்தான். களைத்த ஜாக்கி கடைசி நூறு மீட்டரில் சேணத்தில் தொப்பென்று இறங்கத் தொடங்கினால், குதிரைக்கு அதே எடை திடீரென்று கூடினது போல ஆகிவிடும்.

மிக இலகுவான சமதளச் சேணம் அரைக் கிலோகூடத் தேறாது. பெயருக்குத்தான் சேணம்; அங்கவடியைத் தொங்கவிட ஒரு கொக்கி என்று சொல்லலாம். அது பின்னால் நழுவாமல் இருக்க அடியில் நுரைப் பட்டை, மேலே இன்னொரு கச்சை, சில குதிரைகளுக்கு மார்புப் பட்டை. ஒரு ஜாக்கியிடம் பல எடைகளில் சேணங்கள் இருக்கும். அதிகச் சுமை வந்தால் கனமான சேணத்தைப் போடுவார், ஈயம் குறையும். மழைநாளில் முகக் கண்ணாடியை மூன்று நான்கு அடுக்காக மாட்டிக்கொண்டு, சேறு அப்ப அப்ப ஒவ்வொன்றாகக் கழுத்துக்கு இழுத்துவிடுவார். இரண்டு அடுக்கோடு போய்ப் பின்வரிசையில் மாட்டிக்கொண்டவர் கண் தெரியாமல் ஓட்ட வேண்டியதுதான்.

ஓட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை எடுத்துக்கொண்டால் ஜாக்கியின் மூளை எங்கெங்கே வேலை செய்கிறது என்று தெரியும். தூரம் ஒன்றரை மைல், 2400 மீட்டருக்குச் சற்று மேல். முதல் பாதி முழுக்க ஏற்றம், சுமார் 40 மீட்டர் உயரம். புறப்பட்ட கூட்ட நெரிசலில் நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று இங்கே குதிரையை விரட்டியவர் முடிவில் அதற்கான கடனைக் கட்டுவார். ஏற்றம் முடிந்ததும் இடப்பக்கமாக வளைந்தபடியே கிடுகிடு இறக்கம், டாட்டன்ஹாம் கார்னர் வரை. இறக்கத்தில் பாரம் முன்னங்காலுக்கு ஏறும். நீண்ட தாவல் குதிரைகள் தடுமாறும் இடம் இது. லகானை இழுத்துப் பிடித்தால் தாவல் உடையும், விட்டுவிட்டால் வெளிப்பக்கம் அகன்று போகும். வளைவு திரும்பினால் நேர்ப்பாதை அரை மைலுக்கும் குறைவு. அதுவும் உள்வேலிப் பக்கமாகச் சரிந்த தரை. களைத்த குதிரைகள் சரிவில் வழிந்து வேலிப் பக்கம் சாயும். அந்தப் பக்கம் வழி தேடியவர் அடைபட்டுப் போவார். கடைசி நூறு மீட்டர் மறுபடி லேசான ஏற்றம். இத்தனையையும் 1954 முதல் 1983 வரை ஒன்பது தடவை வென்று காட்டியவர் லெஸ்டர் பிகட். முதல் வெற்றியின்போது அவருக்கு 18 வயது.

வேகத்தை அளக்கக் கையில் கடிகாரம் கிடையாது. ஒரு ஃபர்லாங், 201 மீட்டர், 12 நொடியில் போனால் மணிக்கு 60 கிலோமீட்டர். 11 நொடிக்கும் 12 நொடிக்கும் உள்ள வித்தியாசம் உடம்பில் பதிந்திருக்க வேண்டும். காலைப் பயிற்சிகளில் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டி, கீழே இறங்கியதும் பயிற்சியாளரின் நிறுத்து கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வரும் அறிவு அது. முன்னால் ஓடுபவர் மெதுவாக இழுக்கிறார் என்று மற்றவர்கள் கண்டுகொள்ளத் தாமதமானால், அவர் மிச்சம் பிடித்த மூச்சோடு கடைசியில் பிய்த்துக்கொண்டு போவார். அதிவேகமாக இழுத்தால், பின்வரிசையில் பொறுமையாகக் காத்திருந்தவருக்கு யோகம்.

கூட்டத்துக்கு நடுவே ஓடுவதில் லாபம் உண்டு. முன்னால் போகும் குதிரைகள் காற்றை உடைத்துக் கொடுக்கும். முரட்டுக் குதிரையும் அடங்கும். ஆனால் சரியான நேரத்தில் இடைவெளி திறக்க வேண்டும். திறக்காவிட்டால் வெளியே சுற்ற வேண்டும், அதில் பல மீட்டர் கூடுதல் ஓட்டம். இன்னொரு நுணுக்கம் கால் மாற்றுவது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் எப்போதும் முந்தி விழும். இடப்பக்க வளைவில் இடக்கால் முந்தினால்தான் சமநிலை. அதே காலில் நீண்ட நேரம் ஓடினால் அந்தப் பக்கம் தளரும். நேர்ப்பாதைக்கு வந்ததும் எடையை லேசாக மாற்றி, லகானில் ஒரு சைகை கொடுத்து, மறுகாலுக்கு மாற்ற வைப்பார் ஜாக்கி. குதிரைக்குப் புது மூச்சு வந்தது போல இருக்கும். பார்வையாளர்கள் பலருக்கு இது கண்ணில் படாது. அந்தப் பந்தயத்தை வென்ற நொடி அதுவாகவே இருக்கலாம்.

சென்னை கிண்டிப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வேகம், தாங்குதிறன் ஆகியவற்றோடு அதை ஓட்டுபவரின் திறனும் அந்த வாதத்தில் ஒரு தூண். பந்தயம் கட்டுபவருக்கு அது எவ்வளவு திறமை என்பது வேறு விவாதம். ஓட்டுபவரைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை.

சாட்டையைப் பற்றி. இன்றைய சாட்டை பஞ்சு வைத்த ஒன்று. சத்தம் அதிகம், வலி குறைவு. பிரிட்டனில் 2023 முதல் சமதளத்தில் 6 தடவை, தடை தாண்டும் பந்தயத்தில் 7 தடவைதான் அடிக்கலாம். அடிக்கு அடி இடைவெளி விட்டு, குதிரை பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும். கையைத் தோளுக்கு மேல் தூக்கினாலும் குற்றம். வரம்பை மீறினால் ஜாக்கிக்குத் தடை நாட்கள். நான்கு அடியோ அதற்கு மேலோ கூடிவிட்டால் குதிரையே தகுதி இழக்கும். இந்தக் கடைசி விதிதான் உண்மையில் பல்லுள்ளது, ஏனென்றால் பரிசுத் தொகை உரிமையாளருடையது. தவறான நேரத்தில் அடித்தால் குதிரை நேர்கோட்டை விட்டு விலகிப் பக்கத்துக் குதிரையை நெருக்கும். அது தனிக் குற்றம். இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு: வெற்றி நிச்சயம் என்று கோட்டுக்கு முன்பே கையைத் தளர்த்திவிட்டு, பின்னாலிருந்து வந்தவரிடம் இடத்தை இழப்பது. பணம் கட்டியவர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். ஸ்டூவர்டுகள் எனப்படும் பந்தய நடுவர்கள் வாரக்கணக்கில் தடை போடுவார்கள். வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டி விசாரிக்கும் அவர்களுக்குச் சவாரியின் ஒவ்வொரு நொடிக்கும் ஜாக்கி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஜாக்கி பந்தயத்தில் பணம் கட்டக் கூடாது.

தடை நாள் என்றால் வருமானம் இல்லாத நாள். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் மிகச் சிலருக்கே. பெரிய லாயங்கள் ஓரிருவரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் சவாரிக்குச் சவாரி கூலி வாங்கும் சுயதொழிலாளர்கள். சவாரியைப் பிடித்துத் தருவது ஏஜென்ட். யார் எந்தக் குதிரையை எந்தப் பந்தயத்தில் இறக்குகிறார், எந்த ஜாக்கிக்குத் தடை, எந்த எடைக்கு எவர் வர முடியும் என்பதை நாள் முழுக்கத் தொலைபேசியில் துழாவுவதே அவர் பிழைப்பு. ஒரே பந்தயத்தில் இரண்டு குதிரைக்கு அழைப்பு வந்தால் எதை விடுவது என்பது நுட்பமான கணக்கு. விட்ட குதிரை வென்றால், அந்தப் பயிற்சியாளர் அடுத்த மாதமும் கூப்பிடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் காலை ஆறு மணிக்கே லாயங்களுக்குப் போய்ப் பயிற்சி ஓட்டம் ஓட்டுகிறார்கள். குதிரையைத் தெரிந்துகொள்வது ஒரு பக்கம், பயிற்சியாளர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது மறுபக்கம். பிறகு மதியப் பந்தயத்துக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் கார் பயணம். பிரிட்டனில் முன்பெல்லாம் மதியம் ஓரிடம், மாலை இன்னோரிடம் என்று ஓடுவார்கள். கொரோனாவுக்குப் பின் ஒரு நாளைக்கு ஒரு திடல் என்ற வரம்பு நிலைத்துவிட்டது.

பணத்தின் ஏற்றத்தாழ்வைக் கென்டக்கி டெர்பியை வைத்தே காட்டலாம். 2024இல் மொத்தப் பரிசு 50 லட்சம் டாலர், வென்ற குதிரைக்கு 31 லட்சம். அமெரிக்க வழக்கப்படி அதில் ஜாக்கிக்கு 10 சதவீதம்: 3,10,000 டாலர். அதிலிருந்து ஏஜென்டுக்குக் கால் பங்கு, 77,500. சேணமும் உடையும் ஈயமும் தயார்செய்து தரும் உதவியாளருக்கு 5 சதவீதம், 15,500. வரிக்கு முன் மிச்சம் 2,17,000. இரண்டு நிமிட வேலைக்கு மோசமில்லை. ஆனால் சின்னத் திடலில் ஏழாவதாக வந்தவருக்குக் கிடைப்பது நூறு டாலர் சுற்றில் ஒரு சவாரிக் கூலி, அதிலும் பங்கு போகும். ஒரு நாளில் ஐந்து சவாரி, எதிலும் இடமில்லை என்ற நாட்கள்தான் பெரும்பான்மையோருக்கு.

ஒவ்வொரு சவாரிக்கும் பின்னால் ஆம்புலன்ஸ் ஓடுகிறது. வேலைநேரத்தில் ஆம்புலன்ஸ் துரத்தி வரும் தொழில் வேறு எது இருக்கிறது என்று தெரியவில்லை. தடை தாண்டும் பந்தயங்களில் 1000 சவாரிக்கு அறுபது எழுபது வீழ்ச்சி சாதாரணம், சமதளத்தில் நான்கைந்துதான். ஆனால் விழுந்தால் காயம்படும் வாய்ப்பு சமதளத்தில்தான் அதிகம். தடை தாண்டும் ஜாக்கி வேலியை நோக்கிப் போகும்போதே விழுவதற்கும் தயாராக இருக்கிறார். குதிரை இறங்கும்போது மூக்கைக் குத்தினால் லகானை விரல் வழியே நழுவவிட்டுப் பின்னால் சாய்வார். காப்பாற்ற முடியாவிட்டால் சுருண்டு உருண்டு, எல்லாக் குதிரைகளும் தாண்டும்வரை அசையாமல் கிடப்பார். சமதளத்தில் முன்னறிவிப்பே இல்லை. பின்குதிரையின் முன்னங்கால் முன்குதிரையின் பின்குளம்பில் தட்டினால் போதும், முழு வேகத்தில் தலைகுப்புற விழும். இடைவெளி போதாமல் நுழையப் பார்ப்பவருக்கும், திடீரென்று உள்ளே வெட்டுபவர் பின்னால் வருபவருக்கும் நடப்பது இது. பிரிட்டனில் 1964இல் தொடங்கிய காயமுற்ற ஜாக்கிகள் நிதி லாம்பர்னிலும் மால்டனிலும் மறுவாழ்வு மையங்கள் நடத்துகிறது. தலையில் அடிபட்டவர் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் திரும்ப ஏற முடியாது.

பெண் ஜாக்கிகள் வென்று காட்டிவிட்டார்கள்: 2015இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையில் மிஷெல் பெய்ன், 2021இல் பிரிட்டனின் தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலில் ரேச்சல் பிளாக்மோர். சென்னையைச் சேர்ந்த ரூபா சிங் இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் ஜாக்கி. ஆனாலும் நல்ல குதிரை கிடைப்பதே சிரமம். பிரான்சில் 2017இல் பெண்களுக்கு 2 கிலோ சலுகை கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு அதை ஒன்றரை ஆக்கினார்கள். திறமை குறைவு என்று ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்று சில பெண்களே எதிர்த்தார்கள். சவாரிகள் கூடின என்பதும் உண்மை.

எடைச் சலுகை புதியவர்களை உள்ளே கொண்டுவரும் பழைய தந்திரம். பிரிட்டனில் பயிற்சி ஜாக்கி 20 வெற்றி வரை 7 பவுண்டு குறைத்து ஓட்டலாம், 50 வரை 5 பவுண்டு, 95 வரை 3 பவுண்டு. ஏழு பவுண்டு என்றால் மூன்று கிலோவுக்கு மேல். ஒரு மைல் ஓட்டத்தில் மூன்று நீளம் இனாம். அதனால் ஓரளவு ஓட்டத் தெரிந்த பையனையும் பயிற்சியாளர்கள் தேடிப் பிடிப்பார்கள். அவன் படத்தோடு செய்தி வரும், வெற்றி வேகமாகச் சேரும், சலுகையும் அதே வேகத்தில் கரையும். 95ஆவது வெற்றிக்கு அடுத்த நாள் அதே குதிரையில், ரயன் மூர், வில்லியம் பியூக் போன்ற முன்னணி ஜாக்கிகளுக்கு எதிரே, சம எடையில் அவன் தராசில் உட்கார வேண்டும். நேற்று வரை அழைத்த பயிற்சியாளர்கள் இப்போது 7 பவுண்டு சலுகையுள்ள இன்னொரு பையனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவனுடைய சவாரி எண்ணிக்கை முதல் பருவத்திலேயே பாதியாகக் குறைந்தாலும் ஏஜென்டுகள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.